ஒரே தகட்டில் இரண்டு பெயர்

ஞாயிற்றுக்கிழமை காலை, ஊரே கோயிலுக்குப் போயிருந்த நேரத்தில், நதானியேல் கிரே தன் மனைவியையும் மைத்துனியையும் விறகு பிளக்கும் கோடாலியால் வெட்டிப் போட்டுவிட்டு ஹோல்பர்னிலிருந்து மாயமானான். மைத்துனி மாடிப்படி வரை ஓடியிருக்கிறாள். ஏழாவது படியில் வைத்து அவளை முடித்திருக்கிறான். திங்கட்கிழமை லண்டனில் இதைப் பேசாத வாயே இல்லை. ஆனால் வாய்க்கு மட்டும் தீனி கிடைத்தால் போதுமா? கொலைகாரன் எப்படி இருப்பான் என்று பார்க்காமல் இந்த ஊர்க்காரர்களுக்குச் சோறு இறங்காது. செவ்வாய்க்கிழமை மதியம், ஸ்ட்ராண்ட் தெருவில் டார்கஸ் பிக்லி அம்மாளின் படக்கடை ஜன்னலில் கிரேயின் முகம் தொங்கியது. ‘நேரில் பார்த்து வரைந்த அசல் உருவம்’ என்று அதற்கு மேலே ஒரு சீட்டு வேறு.

அச்சில் இழுத்த முதல் பிரதி, வழக்கம்போல ரூபன் ஸ்டோக்குக்குப் போனது.

ரூபன், கிளேர் மார்க்கெட்டில் கசாப்புக்கடை வைத்திருந்தான். மாட்டுத் தொடையை ஒற்றைக் கையால் தூக்கிக் கொக்கியில் மாட்டுகிற ஆள். அதே கை ஒரு படத்தைத் தொட வேண்டுமென்றால், தவிடும் வெந்நீரும் போட்டு மூன்று முறை தேய்த்துக் கழுவினால்தான் தொடும். கடைக்கு மேல் மாடியில் ஆறு பெரிய ஆல்பங்கள் வைத்திருந்தான். ஒன்றில் மந்திரிகள்: பன்றி உடம்போடு ஒருவர், ராஜாவின் பின்புறத்தை முத்தமிட வரிசையில் நிற்கிற நால்வர். இன்னொன்றில் ஊரில் பேர் வாங்கிய விசித்திரப் பிறவிகள். மிச்ச நான்கும் கொலைகாரர்களுக்குத்தான். தூக்கில் தொங்கியவர்கள், தொங்கப்போகிறவர்கள், தொங்கியும் சாகாமல் மறுபடி ஏற்றப்பட்ட ஒரு புண்ணியவான்.

“படுக்கற எடத்துல இத்தனை கொலைகாரனுங்கள வெச்சுக்கிட்டு எப்படிய்யா உனக்குத் தூக்கம் வருது?” என்று அவன் மனைவி மார்த்தா கேட்பாள்.

“அவனுங்க கொறட்டை விடறதில்லடி. ஒங்கப்பன் வந்து ஒரு மாசம் தங்குனாரே, அப்பதான் எனக்குத் தூக்கம் போச்சு.”

அன்றைக்கும் கையைக் கழுவிக்கொண்டு வந்து கிரேயின் படத்தை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்தான். கன்னம் ஒட்டிய நீள முகம், கழுகு மூக்கு. பூதக்கண்ணாடியை வைத்து அங்குலம் அங்குலமாக மேய்ந்துகொண்டே வந்தவன், இடது காதுக்குக் கீழே நின்றான். அங்கே தகட்டில் மயிரிழை அளவுக்கு ஒரு கீறல் விழுந்திருந்தது. படம் வரைந்தவன் போட்ட கோடு அல்ல, உளி வழுக்கி விழுந்த கீறல். அந்தக் கீறலை அவன் இதற்கு முன்னால் பார்த்திருக்கிறான்.

படத்தைச் செதுக்கி அச்செடுக்கிற செப்புத் தகடு சும்மா கிடைக்கிற சாமான் இல்லை. அதனால் படக்கடைக்காரர்கள் பழைய தகட்டைத் தூக்கி எறிய மாட்டார்கள். அடியில் இருக்கும் பெயரைச் சுரண்டித் தேய்த்து, பின்பக்கமிருந்து சுத்தியால் தட்டிச் சமமாக்கி, வேறு பெயரைச் செதுக்கிவிடுவார்கள். போன வருஷத்துத் தளபதி இந்த வருஷம் கப்பற்படைத் தலைவனாகிவிடுவான். வாங்குகிறவர்களுக்கு இது தெரியாது. படம் சேர்க்கிறவர்களுக்குத் தெரியும். தெரிவது மட்டுமா, ஒரே தகட்டின் முன் பெயரும் பின் பெயரும் இரண்டும் கையில் கிடைத்துவிட்டால் அன்றைக்கு அவர்களுக்குக் கிறிஸ்துமஸ்.

ரூபன் விசித்திரப் பிறவிகள் ஆல்பத்தைப் புரட்டினான். இருந்தது. அதே மூக்கு, அதே கீறல். அடியில்: ‘ஈனோக் ஹட்லி. லண்டனிலிருந்து யார்க் வரை போய் ஆறே நாளில் நடந்து திரும்பியவர்.’ ஏழு வருஷத்துக்கு முந்தைய பந்தயம். படம் அப்போது விலைபோகவே இல்லை. வாங்கிய நாலு பேரில் ரூபன் ஒருவன்.

வயிறு குலுங்கச் சிரித்தான். இரண்டு படங்களையும் மார்போடு அணைத்துக்கொண்டு நேரே டார்கஸ் அம்மாளின் கடைக்குப் போனான்.

“என்ன அம்மணி, கொலைகாரன் நல்லா நடப்பான் போல இருக்கே?”

டார்கஸ் அம்மாள் அவன் சட்டையைப் பிடித்துப் பின்கட்டுக்கு, அச்சு இயந்திரம் இருக்கும் அறைக்கு இழுத்துக்கொண்டு போனாள். ஐம்பது வயது விதவை. புருஷன் விட்டுப்போன கடையை அவனைவிடக் கெட்டிக்காரத்தனமாக நடத்துகிறவள்.

“மெதுவாப் பேசித் தொலைய்யா. வெளிய நூறு பேரு நிக்கறான்.”

“நேர்ல பாத்து வரைஞ்சதாமே? யாரு பாத்தா, நீங்களா?”

“மாஜிஸ்ட்ரேட்டு நோட்டீஸ்ல என்ன போட்டிருக்கு? நெட்டையன், ஒடிசல், கழுகு மூக்கு. என் அலமாரியில அப்படி ஒரு மூக்கு ஒண்ணே ஒண்ணுதான் இருந்துச்சு. கிரே என்ன, எங்கிட்ட வந்து ஒக்காந்து மொகத்தைக் காட்டுவானா? இன்னைக்கு நான் போடலேன்னா நாளைக்கு எதுத்த கடைக்காரன் ஒரு கழுதை மூஞ்சியப் போட்டு வித்துருவான்.”

“சரி, அந்த ஹட்லி உசுரோட இருந்தா? எவனாச்சும் பாத்துட்டா?”

“ஏழு வருஷம் ஆச்சுய்யா. நடக்கறதையே பொழப்பா வெச்சவன் ஒரு எடத்துல இருப்பானா? இந்நேரம் ஸ்காட்லாந்துல எந்த மலையில ஏறிக்கிட்டிருக்கானோ.” சொல்லிக்கொண்டே இழுப்பறையைத் திறந்து ஒரு தாளை எடுத்து அவன் முன்னால் வைத்தாள்.

அதே முகம். அடியில் பெயர் இருக்க வேண்டிய இடம் வெறுமையாக இருந்தது. ஹட்லியைத் தேய்த்து அழித்த பிறகு, கிரேயைச் செதுக்கும் முன், தகடு சமமாகிவிட்டதா என்று பார்க்க ஒரே ஒரு பிரதி இழுத்திருக்கிறார்கள். அதுதான் அது. ரூபன் அதன்மேல் குனிந்தான்.

“ஹாம்ப்ஸ்டெட் பாதிரியார்கிட்ட இது இருக்கா?” படம் சேர்ப்பதில் அவனுக்கு ஒரே போட்டி அந்தப் பாதிரியார்தான்.

“அந்த ஆளு கனவுல கூடப் பாத்திருக்க மாட்டாரு. எடுத்துக்க. வாய மட்டும் தெறக்காத.”

அவனுக்கு உறுத்தவில்லை என்று சொன்னால் பொய். ஜன்னலுக்கு வெளியே நின்றவர்கள் கிரேயைக் கண்டால் என்னென்ன செய்வோம் என்று சத்தம் போட்டுச் சொல்லிக்கொண்டிருந்தது அவன் காதிலும் விழுந்தது. கண்ணைப் பிடுங்குவேன் என்றான் ஒருவன். ஒருத்தி அதைவிடக் கீழே இறங்கினாள். ஆனால் தாள் கைக்கு வந்துவிட்டது. வந்த தாளைத் திருப்பிக் கொடுக்கிற கை அவனுக்கு இல்லை. ஸ்காட்லாந்து, ஸ்காட்லாந்து என்று தனக்குத்தானே இரண்டு முறை சொல்லிக்கொண்டு வீட்டுக்கு வந்தான். சாயங்கால வியாபாரத்தைச் சீட்டியடித்துக்கொண்டே செய்தான். கறியை வெட்டும்போதும் பெயரில்லாத அந்த வெறும் பட்டைதான் கண்ணில் நின்றது. கொள்ளை சந்தோஷம்.

புதன்கிழமை காலை பத்து மணி சுமாருக்கு, பக்கத்துக் கடை நெட் கிராம்ப் ரத்தக் கறை படிந்த ஏப்ரனோடு சந்துக்குள் ஓடி வந்தான்.

“கிரே மாட்டிக்கிட்டான்! டார்கஸம்மா கடை வாசல்லயே மாட்டிக்கிட்டான்டா!”

“எப்படிடா?”

“அதான் கூத்து! பொறுக்கிப்பய, கூட்டத்தோட கூட்டமா நின்னு படத்தைப் பாத்திருக்கான். பாத்துட்டு, ‘அட, இது நான்தான்யா! என் படத்தை மறுபடி போட்டுட்டாங்கய்யா!’ன்னு பல்லு பூராத் தெரியச் சிரிச்சிருக்கான். பக்கத்துல நின்னவன் தோள்ல வேற தட்டிச் சொல்லியிருக்கான்! எவ்வளவு திமிரு இருந்தா...”

மார்க்கெட்டே ஹோவென்று கத்தியது. கசாப்புக்காரர்கள் கத்தியையும் நல்லி எலும்பையும் எடுத்துக்கொண்டு கிளம்பினார்கள்.

ரூபனுக்கு எல்லாமே ஒரே நொடியில் புரிந்தது. வந்து நின்றவன் ஹட்லி. அவனுக்கு எழுதப் படிக்கத் தெரியாது. அடியில் என்ன பெயர் இருக்கிறதென்று தெரியாது. ஏழு வருஷத்துக்குப் பிறகு ஊர் தன்னை நினைத்துக்கொண்டது என்று பூரித்துப் போயிருக்கிறான், பாவி மனுஷன்.

நேரே அங்கே ஓடியிருக்க வேண்டும். ஓடவில்லை. வெறும் வாயால் சொன்னால் யார் நம்புவார்கள், பழைய படத்தைக் காட்டினால்தான் நம்புவார்கள் என்று மாடிக்கு ஓடினான். படம் சேர்க்கிறவன் புத்தி அப்படித்தான் போகும். ஆல்பத்தைத் திறந்தவன், ஹட்லியின் படத்தைப் பிய்க்காமல், மெல்லிய கத்தி ஒன்றைத் தேடி எடுத்து, நாலு மூலையிலும் பசையை நோகாமல் கீறத் தொடங்கினான். அங்கே ஒரு மனிதனின் பல் உதிர்ந்துகொண்டிருந்த நேரத்தில் இவன் காகிதத்தின் ஓரம் கிழியாமல் பார்த்துக்கொண்டிருந்தான். நினைத்தால் இப்போதும் எனக்கு வயிறெரிகிறது.

“என்னய்யா பண்ற?” என்று மார்த்தா வந்தாள். அவன் திக்கித் திக்கிச் சொன்னதைக் கேட்டாள். கேட்டுவிட்டு அவன் கையைத் தட்டிவிட்டுப் படத்தை ஒரே இழுப்பில் பிடுங்கினாள். மூலை இரண்டும் ஆல்பத்திலேயே நின்றுவிட்டன. அதையும் கிரேயின் படத்தையும் சேர்த்து அவன் கையில் திணித்தாள். “ஓடுய்யா! ஒரு ஆளு சாகறான், இவன் ஒட்டுப் பிரிக்கறான்!”

படக்கடை ஜன்னலடியிலிருந்து ஹட்லியைப் பக்கத்துச் சந்துக்குள், குதிரைகளுக்குத் தண்ணீர் இறைக்கும் பம்ப் அருகில் இழுத்துப் போயிருந்தார்கள். சந்தில் முந்நூறு பேர் இருப்பார்கள். ரூபன் தோளைக் கொடுத்து உள்ளே பாய்ந்தான். எதிர்த்தவனை முழங்கையால் இடித்தான். ஒருத்தியின் கூடை உருண்டது. வழிவிடாத ஒரு வண்டிக்காரனின் வாயில் குத்தினான். கைமுட்டியில் அவன் பல் குத்திக் கிழித்தது தெரிந்தும் நிற்கவில்லை.

நடுவே ஹட்லி கிடந்தான். தண்ணீர்த் தொட்டியில் தலையை அமுக்கி எடுத்து, அமுக்கி எடுத்து, அலுத்துப்போய்க் கீழே போட்டிருந்தார்கள். ஒரு கண் மூடி வீங்கியிருந்தது. இரண்டு பேர் அவன் காலை நீட்டிப் பிடித்துக்கொள்ள, நெட் கிராம்ப் நல்லி எலும்பை ஓங்கி முழங்காலில் இறக்கினான். விறகு முறிகிற சத்தம் கேட்டது. கூட்டம் கைதட்டியது. யார்க் வரை போய் வந்த கால் அது.

“நிறுத்துங்கடா! இவன் கிரே இல்ல!” ரூபன் நெட்டின் தாடையில் விட்டான் ஒரு குத்து. நெட் தொட்டியில் போய் விழுந்தான். “இங்க பாருங்க! இது பழைய படம். ஏழு வருஷத்துக்கு முந்தி போட்டது. அதே தகடு. பேரை மாத்திப் போட்டிருக்காங்க. இவன் ஹட்லி!”

இரண்டு படங்களையும் இரண்டு கையிலும் உயர்த்திப் பிடித்தான். படிக்கத் தெரிந்த ஒரு தையற்காரர் எட்டிப் பார்த்துச் சத்தமாகப் படித்தார். “ஈனோக் ஹட்லி. யார்க் போய் ஆறு நாளில் நடந்து திரும்பியவர்.”

காதுக்குக் கீழே இருக்கும் கீறலைப் பாருங்கள் என்று ரூபன் ஆரம்பித்தான். அந்தக் கீறல் அவனுக்குக் கல்வெட்டு. கூட்டத்துக்கு அது என்ன?

“அப்ப ஏழு வருஷத்துக்கு முந்தியே இவன் படத்தைப் போட்டிருக்காங்கன்னு சொல்லு,” என்றாள் மீன்காரி ஒருத்தி. “அப்ப யாரக் கொன்னான்?”

“அதுக்கும் தப்பிச்சு ஓடிருக்கான்! ஆறு நாள் ஓடிருக்கான்!”

“ரெண்டு பேரு வெச்சிருக்கான்டா! நல்லவன் எவனுக்குடா ரெண்டு பேரு?” தொட்டியிலிருந்து எழுந்த நெட், தண்ணீர் சொட்டச் சொட்டக் கத்தினான். “அவனே தன் வாயால நான்தான்னு சொன்னான். இவன் யாரு இல்லன்னு சொல்றதுக்கு?”

யாரோ பழைய படத்தைப் பறித்தார்கள். அது நாலு கை மாறுவதற்குள் நாற்பது துண்டாகிவிட்டது. மறுபடி உதை விழுந்தது. இன்னொரு வண்டிக்காரன் ஆணி அடித்த பூட்ஸோடு ஹட்லியின் வயிற்றில் ஏறி நின்று குதித்தான். ஹட்லி வாயிலிருந்து கருஞ்சிவப்பாக ரத்தம் வந்தது. ரூபன் வேறு வழி தெரியாமல் அவன்மேல் குப்புற விழுந்து மூடிக்கொண்டான். அடி இவன் முதுகில் விழுந்தது. நல்லி எலும்பு ஒன்று இவன் வலது கையில் விழுந்து விரல்களை நசுக்கியது. அப்போதும் அவன் எழவில்லை. அதை மட்டும் அவனுக்கு வரவு வைக்க வேண்டும்.

அடியில் ஹட்லியின் மூச்சு கொதிக்கிற பானை மாதிரி குமுறியது. இன்னும் இரண்டு நிமிஷம் இப்படியே போனால் போய்விடுவான் என்பது ரூபனுக்குத் தெரிந்தது. உயிர் போகிறபோது அந்தச் சத்தம் எப்படி மாறும் என்று கசாப்புக்காரனுக்குத் தெரியாதா? இந்தக் கூட்டத்துக்குப் படம் சாட்சி இல்லை. வேறு என்ன சாட்சி வேண்டும் என்று அவனுக்கு அப்போதுதான் உறைத்தது. தலையைத் தூக்கித் தொண்டை கிழியக் கத்தினான்.

“எனக்கு நேத்தே தெரியும்டா! நேத்து மத்தியானமே தெரியும்! வாய மூடிக்கிட்டு இருக்கச் சொல்லி டார்கஸம்மா எனக்கு ஒரு படம் குடுத்தா! நானும் வாங்கிக்கிட்டேன்! அடிக்கறதுன்னா என்ன அடிங்கடா! நான் வாங்கித் தின்னவன்! அவளக் கேளுங்க, மேல நிக்கறா, அவளக் கேளுங்க!”

எல்லாத் தலையும் மேலே திரும்பியது. படக்கடையின் மாடி ஜன்னல் சந்தைப் பார்த்துத் திறந்திருந்தது. டார்கஸ் அம்மாள் அங்கே கன்னத்தில் கைவைத்து வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்தாள். முந்நூறு பேரின் கண்களும் தன்மேல் விழுந்ததும் அவள் பின்னால் நகர்ந்து ஜன்னல் கதவைச் சாத்தித் தாழ் போட்டாள்.

அது போதுமானதாக இருந்தது. தாழ் விழுந்த சத்தம் கேட்டு வண்டிக்காரன் பூட்ஸைக் கீழே இறக்கினான். நெட் கிராம்ப் கையிலிருந்த எலும்பைப் பார்த்தான், அதை எங்கே வைப்பது என்று தெரியாதவன் போல ஏப்ரனுக்குள் செருகிக்கொண்டான். மீன்காரி முதல் கல்லை எடுத்து ஜன்னலில் வீசினாள். பாதிக் கூட்டம் படக்கடை வாசலை உடைக்க ஓடியது. மீதி நின்றவர்களில் ஒருவன் ரூபனின் தலைமயிரைப் பிடித்துப் பின்னால் இழுத்து முகத்தில் காறித் துப்பினான். இன்னொருவன் விலாவில் உதைத்தான். ரூபன் தடுக்கவில்லை. முழங்காலிட்டு உட்கார்ந்து ஹட்லியின் தலையைத் தூக்கித் தன் மடியில் வைத்துக்கொண்டான்.

“யாராச்சும் டாக்டரக் கூப்பிடுங்கய்யா. ஒரு கதவுப் பலகை கொண்டாங்க. தூக்கிட்டுப் போயிரலாம்.”

ஹட்லி திறந்திருந்த ஒற்றைக் கண்ணால் அவனைப் பார்த்தான். உதடு அசைந்தது. ரூபன் குனிந்தான்.

“நேத்தே தெரியுமா?”

“தெரியும்.” பொய் சொல்ல வாய் வரவில்லை. “நீ ஊர்லயே இல்லன்னு நெனச்சேன். ஸ்காட்லாந்துல இருப்பன்னு... தப்புப் பண்ணிட்டேன். பெரிய பாவம் பண்ணிட்டேன்.”

ஹட்லிக்குக் கோபம் இருந்த மாதிரி தெரியவில்லை. ஏதோ கணக்கு இடிக்கிறது என்பது போலத்தான் பார்த்தான். வாயில் ஊறிய ரத்தத்தை விழுங்கிவிட்டு, ஒவ்வொரு வார்த்தையாகச் சொன்னான்.

“நேத்து சாயங்காலம் ஒங்க கடைக்கு வந்தேனே. ஈரல் வாங்கினேன். நீங்கதான வெட்டிக் குடுத்தீங்க. சீட்டியடிச்சுக்கிட்டே குடுத்தீங்க.” மூச்சு இழுத்தது. “செவ்வாக்கெழமை தவறாம வருவேன். ஒரு வருஷமா.”

கதவுப் பலகை வந்தது. நாலு பேர் ஆளுக்கொரு மூலையாகப் பிடித்துக் கீழே வைத்தார்கள். ஹட்லியைத் தூக்கக் கையைக் கொடுத்த தையற்காரர், அவன் கழுத்தில் இரண்டு விரலை வைத்துப் பார்த்துவிட்டுத் தொப்பியைக் கழற்றினார். சந்துக்கு வெளியே கண்ணாடி உடைந்துகொண்டிருந்தது.

ரூபன் மடியிலிருந்த தலையை இறக்கி வைக்கவில்லை. அந்த மூக்கு, ஒட்டிய கன்னம், காது, எல்லாம் ஒரு சாண் தூரத்தில் இருந்தன. தகட்டில் இருந்த ஒவ்வொரு கோட்டையும் கண்ணை மூடிக்கொண்டு சொல்லக்கூடியவன் அவன். நேற்று சாயங்காலம் ஈரல் வாங்க வந்தவர்களை ஒவ்வொருவராக நினைத்துப் பார்த்தான். நீட்டிய கைகள் வந்தன, பிடித்த தட்டுகள் வந்தன, ஒரு கிழிந்த சட்டைக் கை வந்தது. ஒரு முகம்கூட வரவில்லை.